கெல்ஸ்டெட்: ஒரு நாற்காலிக்கு 120 மீட்டர் காகிதக் கயிறு

டென்மார்க்கில் கெல்ஸ்டெட் என்ற ஊரிலுள்ள நாற்காலித் தொழிற்சாலைக்குப் போகும் வழி இது. கோபன்ஹேகனிலிருந்து மேற்கே போகும் இன்டர்சிட்டி ரயில் முதலில் கடலுக்கடியில் சுரங்கத்துக்குள் இறங்கும். நடுவிலுள்ள குட்டித் தீவில் மேலே ஏறி, தாழ்வான பாலத்தில் ஓடி ஃபூன் தீவைத் தொடும். 1997இல் இந்தப் பாதை திறக்கும்வரை ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றித்தான் கடத்தினார்கள். ஓடென்ஸ நகரம் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். கெல்ஸ்டெட்டில் இன்டர்சிட்டி நிற்காது. ஓடென்ஸயில் இறங்கி, மிடில்ஃபார்ட் பக்கம் போகும் உள்ளூர் ரயிலுக்கு மாற வேண்டும். கெல்ஸ்டெட் சின்ன ஊர். சுற்றிலும் வயல்கள். கார்ல் ஹான்சன் அண்ட் சன் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது.

முழுநேரமும் வேலை நடக்கும் இடம் அது. நேராகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள், முன்பே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் கோபன்ஹேகனில் ஒரு முற்பகலை ப்ரெட்கேட் தெருவிலுள்ள டிசைன் மியூசியத்துக்கு ஒதுக்குவது நல்லது. டேனிஷ் நாற்காலிகளுக்கென்றே அங்கே ஒரு பகுதி உண்டு. ஒவ்வொன்றும் கண்மட்டத்தில் தனித்தனி மாடத்தில் இருப்பதால் மூட்டுகளை நிதானமாகப் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டுப் போனால்தான் தொழிற்சாலையில் எதைக் கவனிப்பது என்று பிடிபடும். திங்கட்கிழமை அங்கே விடுமுறை.

கார்ல் ஹான்சன் 1908இல் ஓடென்ஸயில் பட்டறை தொடங்கினார். அவருக்குப் பின் மகன் ஹோல்கர் பொறுப்பேற்றார். ஐவிண்ட் கோல்ட் கிறிஸ்டென்சன் என்ற விற்பனையாளரின் தூண்டுதலில், தூன்டர் ஊர்ச் செருப்புத் தைப்பவரின் மகனான வடிவமைப்பாளர் ஹான்ஸ் வேக்னரை 1949இல் அழைத்து நாற்காலி வரைபடம் கேட்டவர் ஹோல்கர்தான். சி.எச்.22 முதல் சி.எச்.25 வரை எண்ணிட்ட நான்கு நாற்காலிகள் அப்போது பிறந்தன. அவற்றில் ஒய் வடிவ முதுகுப்பட்டை கொண்ட சி.எச்.24, 1950 முதல் இன்றுவரை இடைவிடாமல் தயாராகிறது. ஹோல்கர் 1962இல் திடீரென்று இறந்தபோது தொழிற்சாலையை விற்காமல் நடத்தியவர் அவர் மனைவி எல்லா. 1988இல் மகன் யோர்கன், 2002இல் இன்னொரு மகன் கனூட் எரிக் பொறுப்புக்கு வந்தார்கள். உற்பத்தி ஓடென்ஸயை விட்டு ஆருப்புக்கும் பிறகு கெல்ஸ்டெட்டுக்கும் பெயர்ந்தது கனூட் எரிக் காலத்தில். இந்த வரிசையில் எல்லாவுக்குக் கிடைக்கும் கவனம் போதாது என்பது எங்கள் கருத்து. அவர் அந்த இருபத்தாறு வருடங்களைத் தாண்டாமல் இருந்திருந்தால் 'இடைவிடாமல்' என்று எழுத இடமே இருந்திருக்காது.

இன்னொரு விஷயம் பயணக் குறிப்புகளில் அதிகம் வருவதில்லை. 1951இல் ஐந்து தொழிற்சாலைகள் சேர்ந்து சாலெஸ்கோ என்ற பொது விற்பனை அமைப்பைத் தொடங்கின. ஏ.பி. ஸ்டோலன் மெத்தை நாற்காலி, கேத்தமா சோபாவும் கட்டிலும், ரூ மோப்லர் அலமாரி, ஆண்ட்ரேயாஸ் டுக் மேசை, கார்ல் ஹான்சன் மர நாற்காலி என்று ஆளுக்கொன்றைப் பிரித்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் வரைந்தவர் வேக்னர். ஒருவர் பொருளோடு இன்னொருவர் பொருள் மோதாது, வீடு முழுவதற்கும் ஒரே கை வரைந்த சாமான்களைக் காட்டி விற்கலாம். சின்னக் குடும்பத் தொழிற்சாலைகள் வெளிநாட்டுச் சந்தையைப் பிடித்தது இப்படித்தான்.

இனி உள்ளே. சி.எச்.24இல் 14 பாகங்கள், செய்முறையில் நூற்றுக்கு மேற்பட்ட படிகள். மர வேலையில் பெரும்பகுதியை இயந்திரம் செய்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள், எதைக் கொடுக்கவில்லை என்பதைத்தான் அங்கே பார்க்க வேண்டும்.

முதலில் கையும் முதுகும் ஒன்றாக வளைந்து வரும் மேல்வளையம். இது ஆவியில் வேகவைத்து வளைத்த ஒரே துண்டு. மரத்தை ஆவியில் வளைக்கும்போது உள்பக்கம் நெரிந்து சுருங்கும், வெளிப்பக்கம் இழுபடும். சூடேறிய மரம் நெரிசலை நிறையத் தாங்கும். இழுப்பை ஓரிரு சதவீதத்துக்கு மேல் தாங்காது. அதனால் வெளிப்பக்கத்தில் இரும்புப் பட்டையைக் கட்டி இரு முனைகளையும் முட்டுக்கொடுத்து வளைப்பது இந்தத் தொழிலின் பொதுவான முறை. சூளையில் நன்றாகக் காய்ந்த மரம் இதற்கு ஆகாது, கொஞ்சம் ஈரம் வேண்டும். நார் ஓட்டம் நேராக இல்லாமல் விளிம்பை நோக்கி ஓடினால் அந்த இடத்தில் சிம்பு பிளந்துகொண்டு கிளம்பும். வளைத்தபின் அச்சிலேயே கட்டிக் காயவிடாவிட்டால் மெல்ல விரிந்துவிடும்.

பின்கால்களைப் பார்த்தால் அவையும் வளைத்தவை போலத் தோன்றும். அப்படி இல்லை, கெட்டிப் பலகையிலிருந்து அறுத்து உருட்டியவை. ஒய் பட்டையோ வெனீர் எனும் மெல்லிய மரத் தாள்களை அச்சில் அழுத்திச் செய்தது. மெல்லிய மேல்வளையம் ஆடாமல் நிற்கவும் முதுகுக்குத் தாங்கல் கிடைக்கவும்தான் வேக்னர் அதை வைத்தார். வளைத்தல், அறுத்தல், அழுத்துதல் என்று ஒரே நாற்காலிக்குள் மூன்று வழிகள். அந்தந்தப் பாகத்துக்கு எது பொருந்துமோ அது.

இருக்கை மட்டும் முழுக்கக் கைவேலை. ஒன்றுக்குச் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு. தேர்ந்த கை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். முறுக்கிய காகிதத்தாலான மூன்று புரிக் கயிறு இது. இரண்டாம் உலகப் போரில் இருக்கை பின்னும் கடற்புல் கிடைக்காமல் போனதால் டென்மார்க்கில் நிலைத்தது. அதே குடும்பத்துச் சி.எச்.25க்கு 400 மீட்டர், பத்து மணி நேர வேலை.

இருக்கை முன்னால் அகலம், பின்னால் குறுகல். அதனால் எடுத்தவுடன் நான்கு மூலையையும் சுற்றிவர முடியாது. முதலில் முன்மூலைகள் இரண்டையும் துண்டுக் கயிற்றால் நிரப்ப வேண்டும். பக்கச் சட்டத்தின் உட்புறம் கயிற்றை ஆணியடித்து, முன்சட்டத்தின் மேலாகப் போட்டு அடியில் வாங்கி, பக்கச் சட்டத்தைச் சுற்றி, எதிர்மூலையிலும் அப்படியே செய்து எதிர்ச் சட்டத்தில் ஆணியடிப்பது ஒரு சுற்று. முன்சட்டத்தில் மிஞ்சும் இடைவெளி பின்சட்டத்தின் நீளத்துக்குச் சமமாகும்வரை இது தொடரும். அதன்பிறகுதான் நான்கு மூலைச் சுற்று. பக்கச் சட்டங்கள் முதலில் நிறைந்துவிடும். நடுவில் எஞ்சுவதை முன்னும் பின்னும் எட்டு போல ஓட்டி அடைப்பார்கள்.

கெடுவது பெரும்பாலும் இழுவையில். கயிற்றுக் கட்டில் பின்னியவர்களுக்குத் தெரியும், ஒரு சுற்றுத் தளர்ந்தால் அடுத்த பத்துச் சுற்றும் அதைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு சில சுற்றுக்கும் கட்டையை வைத்துத் தட்டிக் கயிறுகளை நெருக்க வேண்டும். மூலையில் கோடு செங்கோணத்திலிருந்து நழுவினால் பிறகு திருத்த வழியில்லை, பிரிக்கத்தான் வேண்டும். கயிற்றை ஊறவைப்பதும் தவறு. முறுக்கு தளர்ந்து, காய்ந்தபின் தொய்யும். லேசான ஈரம் போதும். முடிச்சுகள் அடிப்பக்கத்தில்தான் விழ வேண்டும். பழைய நாற்காலி வாங்குவதானால் முன்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். தொடை உராயும் அந்த இடத்தில்தான் கயிறு முதலில் அறும். இருக்கை போனால் கவலையில்லை, மறுபடி பின்னிக்கொள்ளலாம். மூட்டு ஆடினால் விலையை யோசியுங்கள்.

சோப்புப் பூச்சு உள்ள ஓக் நாற்காலியைப் பராமரிக்க, ஒரு லிட்டர் வெந்நீரில் அரை டெசிலிட்டர் (50 மில்லிலிட்டர்) சோப்புச் செதிலைக் கரைத்து, துணியைப் பிழிந்து நார் ஓட்டத்தோடு துடையுங்கள். சிறிது நேரத்தில் உலர்ந்த துணியால் மறுபடி துடைத்துவிட வேண்டும். எழும்பி நிற்கும் நாரைக் காய்ந்தபின் 240ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்கலாம். இரும்புக் கம்பளியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அதன் துகள் ஓக்கின் துவர்ப்போடு சேர்ந்து கறுப்புப் புள்ளியாகிவிடும்.

இன்னொரு நாள் கையிலிருந்தால் தூன்டருக்கும் போய்வாருங்கள். ஊரின் பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தையே வேக்னரின் 37 நாற்காலிகளுக்கான காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். கெல்ஸ்டெட்டிலிருந்து ஃப்ரெடரிசியா வழியாகப் போய் ப்ராமிங்கில் ரயில் மாற வேண்டும்.