முன் சக்கரத்தில் லொடலொட, கிரீச்: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த அனுபவம்

முன் சக்கரத்தில் சத்தம் வருகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே லிஸ்ட் எழுத ஆரம்பித்துவிடுகிற கடைகள் உண்டு. எனக்கும் அப்படித்தான் நடந்தது. இரண்டு ஷாக் (குலுக்கலைத் தாங்குவது), இரண்டு லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிடித்திருக்கிற கை), ஸ்ட்ரட் மவுன்ட் (ஷாக்கின் மேல் முனை வண்டியோடு சேருகிற இடம்) எல்லாம் மாற்றணும் என்றார்கள். ஏன் என்று கேட்டால், "வண்டிக்கு வயசாயிடுச்சு சார்" என்பதுதான் பதில். வயசானது உண்மைதான், பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார். ஆனால் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று தெரியாமல் சாமான் மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் இருப்பது திருவொற்றியூர். வேலைக்குப் போக வர எண்ணூர் விரைவுச் சாலைதான், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகணும். பள்ளத்தில் இறங்கி ஏறுவது ஒரு பக்கம், கடலை ஒட்டியே ஓடுவதால் உப்புக்காற்று இன்னொரு பக்கம். இந்த இரண்டும் சேர்ந்துதான் என் வண்டியைப் பதம் பார்த்திருக்கிறது என்று அப்புறம் தெரிந்தது.

முதலில் காசு செலவில்லாத வேலைகளை முடித்தேன். பிளாஸ்டிக் வீல் கப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினேன், ஏனென்றால் அதுவே கிரீச்சிடும். வீல் நட்டுகளை ஸ்பானர் போட்டு இறுக்கிப் பார்த்தேன். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக வட்டம் அடித்தேன். இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஆக்சில் ஜாயின்ட் போயிருந்தால் அப்போது டக் டக் என்று விடாமல் கேட்கும், கேட்கவில்லை. வேகம் கூடக் கூட 'ஊம்' என்று ஏறுகிற இரைச்சலும் இல்லை, அதனால் வீல் பேரிங் மேல் சந்தேகம் குறைந்தது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பியபோது ஸ்பிரிங் எகிறுகிற சத்தமும் இல்லை. அதாவது ஸ்ட்ரட் மவுன்ட் மேல் பழி போட முகாந்திரமே இல்லை.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தபோதுதான், வருவது ஒரு சத்தம் இல்லை, இரண்டு என்று புரிந்தது. ஒன்று லொடலொட. இன்னொன்று கிரீச். இரண்டும் இடது பக்கமே என்பதால் ஒன்றாகக் கலந்து காதில் விழுந்திருக்கிறது.

லொடலொட சத்தத்துக்கு நல்ல துப்பு வேகத்தடையில் கிடைத்தது. இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் சத்தமே இல்லை, இடது சக்கரம் மட்டும் சின்னப் பள்ளத்தில் இறங்கினால் உடனே கடகட. முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற ஸ்டெபிலைசர் பார், இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும்போது முறுகாது; ஒன்று மட்டும் இறங்கினால்தான் முறுகும், அப்போதுதான் அந்த பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற சின்னக் கம்பியான லிங்க் ராடுக்கு வேலை. அங்கேதான் ஆட்டம் என்று எனக்குப் பட்டது.

கொருக்குப்பேட்டையில் சின்னதாக ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொன்னேன். பையன் ஜாக்கியை எடுக்கப் போனபோது அவர் தடுத்தார். "ஜாக்கி போட்டா இது தெரியாது சார். ஒரு சக்கரம் தொங்குனா ராடு இழுத்துப் புடிச்சுக்கும், ஆட்டம் மறைஞ்சிடும். தரையில நிக்கும்போதே பாக்கணும்." இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒடித்து வைத்தார். பையன் வண்டியைப் பக்கவாட்டில் ஆட்ட, என் கையைப் பிடித்து லிங்க் ராடின் மேல் முனையில் விரலை வைக்கச் சொன்னார். டக், டக் என்று விரல் நுனியிலேயே தட்டியது. டார்ச் அடித்தால் ரப்பர் பூட் (மேலுறை) கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் கறுப்பாக மண். வலது பக்கம் விரல் வைத்தேன், அசைவே இல்லை. இருந்தாலும் ஜோடியாகவே மாற்றினோம்.

அடுத்தது கிரீச். இதைப் பிடிக்க நீளமான காம்பவுண்டு சுவர் ஓரமாக ஜன்னலை இறக்கிவிட்டு மெதுவாக உருட்ட வேண்டும், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி தெளிவாகக் கேட்கும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு கிரீச். பிரேக்கை லேசாகத் தொட்டால் நின்றுவிடும். ஈரக் காலையில், சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிஸ்கில் படிகிற மேல் துரு என்றால் நாலு தடவை பிரேக் பிடித்ததும் போய்விடும், இது நாள் முழுக்க இருந்தது.

இதற்கு வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்கின் பின்னால் இருக்கிற தகடு வளைந்து உரசுகிறதா என்று முதலில் பார்த்தார், இல்லை. டிஸ்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பிரேக் பேடுகளை வெளியே எடுத்தபோது விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது: வெளிப்பக்க பேடு பாதிக்கு மேல் இருக்கிறது, உள்பக்க பேடு தேய்ந்து தகடாகக் கிடக்கிறது. பேடுகளை அழுத்துகிற கேலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின் ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. அது நகராததால் பிரேக்கை விட்ட பிறகும் பேடு டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. வெறும் பேடு மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் அதுவும் இதேபோல ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும்.

பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவினார். சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் பூட் உப்பிக்கொள்ளும், அதனால் இதில் சமரசமே வேண்டாம். கிரீச் நிற்கட்டும் என்று டிஸ்கிலோ பேடிலோ எண்ணெய் ஸ்பிரே அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள், பிரேக்கே பிடிக்காமல் போகும். பேடு இரண்டு சக்கரத்துக்கும் புதுசு போட்டோம், வலது பக்கப் பின்களையும் கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்தார்.

சாமான், கூலி எல்லாம் சேர்த்து, முதல் கடையில் சொன்ன தொகையில் கால் பங்கு கூட ஆகவில்லை. ஷாக்கையும் லோயர் ஆர்மையும் கடப்பாரை வைத்து நெம்பிப் பார்த்தார், கசிவும் இல்லை, ஆட்டமும் இல்லை. அவை அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. சக்கரம் கழற்றி மாட்டியதால், கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார், இறுக்கிவிட்டேன்.