போவா வாங்கப் போனேன், பத்தாயிரம் போனது

போவா என்கிற வெளிநாட்டுப் பாம்புக்கு அட்வான்ஸ் கொடுத்த பத்தாயிரம் ரூபா போனது போனதுதான், இனி வராது. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன், அங்கங்கே சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பு ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து எங்கள் லயத்து வீடுகள் பக்கம் எந்தப் பாம்பு இறங்கினாலும் மண்வெட்டியோடு நாலு பேர் ஓடுவார்கள். அடித்துப் போட்ட பிறகு நான் போய்க் குந்தி, செதிலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பேன். "பொட்டப் புள்ளயா பொறந்துச்சா, கீரிப் புள்ளயா பொறந்துச்சா" என்பார் அப்பாயி. இப்போது தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சம்பளம் கைக்கு வந்து நாலு வருடத்தில் கொஞ்சம் சல்லி சேர்ந்ததும் பழைய ஆசை தலை தூக்கியது.

போவாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொல்கிறேன். விஷமில்லை, பண்ணையில் பிறந்து கைபட்டு வளர்ந்தது என்றால் குணம் அடக்கம், முதல் பாம்புக்கு ஏற்றது என்று விவரமானவர்கள் சொல்வார்கள். ஆண் என்றால் ஐந்திலிருந்து ஏழு அடிக்குள் நிற்கும்; பெண் எட்டு அடி வரைக்கும், சிலது அதற்கு மேலும் போகும். அதனால் ஆண்தான் என்று முடிவெடுத்தேன். நன்றாக வைத்திருந்தால் இருபது, முப்பது வருடம் உயிரோடு இருக்கும் என்று சொன்னதும் அம்மா, "அப்ப ஒன் கல்யாணத்துக்குச் சீதனமா அதையும் அனுப்பணுமா?" என்று கேட்டார். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

விலை விஷயத்தில் நான் முதலில் ஏமாறப் பார்த்தது பெயரில். விற்கிறவர்கள் எல்லாப் போவாவையும் "ரெட் டெய்ல்" என்றுதான் சொல்வார்கள். சுரினாம், கயானா பக்கத்து அசல் சிவப்பு வாலன் வேறு. கொலம்பியாவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வருகிற இம்பெரேட்டர் வேறு. இரண்டும் இன்று தனித்தனி இனங்கள். அசல் வாலன்தான் விலை கூட. சந்தையில் அதிகம் சுற்றுவது இம்பெரேட்டர். அதற்கு மேல் நிறத்துக்கு ஒரு விலை உண்டு, அல்பினோ, ஹைப்போ என்று. முதல் பாம்புக்கு நிறத்தில் காசைக் கொட்டாதீர்கள். பிறந்த கையோடு விற்கிற குட்டியை விட, நாலைந்து தரம் இரை தின்று இரண்டு தரம் சட்டை உரித்த குட்டிக்குக் கூடக் கொடுப்பதில் தப்பில்லை. எந்தத் தேதியில் என்ன தின்றது என்று எழுதி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். எழுதாதவர் வளர்த்தவர் அல்ல, கை மாற்றுகிறவர்.

இத்தனையும் தெரிந்து வைத்துக்கொண்டும் நான் மாட்டினேன் பாருங்கள்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் கண்டிப் பக்கத்து ஆள் ஒருவரின் நம்பர் கிடைத்தது. "போவா குட்டி, ஒன்றரை அடி, ஒன்றே முக்கால் லட்சம்" என்றார். வெளிநாட்டில் சாதாரண நிறத்துக் குட்டி சில நூறு டொலருக்குள் வாங்கலாம் என்பது எனக்குத் தெரியும்; கப்பலோ விமானமோ, கடுதாசிச் செலவெல்லாம் சேர்ந்திருக்கும் என்று நானே அவருக்குச் சாதகமாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன். கடுதாசி இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாம் கிளியர் மிஸ், வந்து பாருங்க. இன்னொருத்தரும் கேக்கிறாரு, அட்வான்ஸ் போட்டீங்கன்னா பிடிச்சு வைக்கிறேன்." போட்டேன். இன்னொருத்தர் என்று ஒருவர் எப்போதும் இருப்பார், நம்பாதீர்கள்.

பிறகுதான் அனுமதி விஷயத்தைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எது என்று சொல்லவில்லை. லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போனால், அங்கே இருந்த கிளார்க் கேள்வியை முழுதாகக் கேட்கவே இல்லை. "பாம்புக்கா? சும்மா எங்க ஊருக்கு வாங்க மிஸ், எத்தனை வேணும்?" என்று பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். பாம்பு வளர்க்க கிராம சேவகர் என்ன கடிதம் தருவார்? "மேற்படி பாம்பு எனது பிரிவில் வதிகிறது" என்றா? இரண்டாம் தரம் போனபோது விஷயம் தெரிந்த அதிகாரி லீவு. மூன்றாம் தரம் அவர் இருந்தார். இரண்டு நிமிடத்தில் முடித்தார். "இந்தப் பாம்பு எந்த நாட்டிலிருந்து, யார் பேரில், எந்தப் பேர்மிட்டில் உள்ளே வந்தது? அந்தக் கடுதாசி இல்லாமல் என்னிடம் பேச ஒன்றுமில்லை."

அவர் சொன்னது சரிதான். போவாக் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் என்கிற, காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்துக்குள் வருகிறது, பெரும்பாலும் இரண்டாம் இணைப்பில். இலங்கை 1979இல் அதில் சேர்ந்த நாடு. ஏற்றுகிற நாடு கொடுத்த அனுமதி இல்லாமல் ஒரு குட்டி எல்லை தாண்டக்கூடாது. அதில் விலங்கியல் பெயர், எண்ணிக்கை, நாடு எல்லாம் இருக்கும். இங்கே 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேறு இருக்கிறது. விலை கேட்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. நான் அட்வான்ஸ் போட்ட பிறகு கேட்டேன்.

ஒரு சனிக்கிழமை விடியப் புறம் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் உருண்டு போனோம். அந்த ஆள் முதலில் தேத்தண்ணி கொடுத்தார், பிறகு கடுதாசி கொடுத்தார். போட்டோகொப்பி. வாசித்தேன். அலங்கார மீன் இறக்குமதி செய்த கடுதாசி! கப்பி, டெட்ரா என்று வரிசையாக மீன் பெயர்கள். "எல்லாம் ஒரே லொட்டுல வந்தது மிஸ்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல்.

ரிஜிபோம் பெட்டியைத் திறந்து துணிப்பையின் முடிச்சை அவிழ்த்தார். குட்டி சுருண்டு கிடந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சீறியது. அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். போன் டோர்ச்சை அடித்து மூக்கிலிருந்து பார்த்துக்கொண்டு போனேன். மேலுதட்டில், மூக்கு நுனியை ஒட்டி, ஊசியால் குத்தியது போல் சின்னச் சின்னக் குழிகள். தலையின் முன்பக்கத்தில் பெரிய தகட்டுச் செதில்கள். உச்சியில் அம்பு முனை மாதிரி ஓர் அடையாளம். போவாவுக்கு உதட்டில் அப்படிக் குழி தெரியாது. தலை முழுக்கப் பொடிச் செதில்தான். மூக்கிலிருந்து பிடரி வரை ஒரு கறுப்புக் கோடு ஓடும். வால் பக்கம் திருப்பினேன். மலவாய்க்குக் கொஞ்சம் மேலே, செதிலுக்கடியில், மிளகு மாதிரி ஓர் உண்ணி. பண்ணையில் பிறந்த குட்டிக்கு ஏது காட்டு உண்ணி?

"அண்ணே, இது நம்ம மலைப்பாம்புக் குட்டி" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் மிஸ், பேருதான் வேற."

"போவா குட்டி போடும். மலைப்பாம்பு முட்டை போடும். எப்படி ஒண்ணாகும்?"

அவர் தம்பியைப் பார்த்தார், இந்தப் பொம்பளையை நீயாவது கூட்டிக்கொண்டு போகக்கூடாதா என்பது மாதிரி. நம்ம நாட்டு மலைப்பாம்பு சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. பிடிபட்டால் விற்றவரோடு வாங்கியவரும் கோர்ட்டில் நிற்க வேண்டும், அதுவும் ஒரு டீச்சர். அட்வான்ஸைக் கேட்டேன். "அது பிடிச்சு வச்சதுக்குத்தானே" என்றார். கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, எழுந்து வந்துவிட்டோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போன் போட்டு விவரத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

திரும்பி வரும் வழியில் தம்பி ஒரு கணக்குக் கேட்டான். அதை நான்தான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். போவாவுக்குச் சூடான மூலை 31 முதல் 33 பாகை, குளிர்ந்த மூலையே 25க்குக் கீழே போகக்கூடாது. குளிர் தட்டினால் தின்ற இரை செரிக்காது, கக்கிவிடும். மூச்சுக்குழல் நோய் பிடிக்கும். தை மாதத்து இரவில் என் அறைச் சுவரில் இருக்கிற வெப்பமானி 14 காட்டும். கொழும்பில் ஒரு சின்ன பல்ப் போதும் என்பவர் பேச்சை மலைநாட்டில் கேட்காதீர்கள். 100 வாட் சூடாக்கி விடாமல் எரிந்தால் நாளுக்கு 2.4 யூனிட், மாதம் 72. எங்கள் வீட்டின் மொத்தப் பாவனையே 50 யூனிட்தான். 60 தாண்டினால் கட்டணத்தின் வகையே மாறும். கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்களே. மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டே நாங்கள் மெழுகுவர்த்தியில் சோறு தின்றோம். அன்று பாம்பு இருந்திருந்தால் சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு விடிய விடிய முழித்திருக்க வேண்டும். இரை வேறு. தோட்டத்து எலியைப் பிடித்துப் போட முடியாது, பாதி எலி மருந்து தின்றதாக இருக்கும், எலிக்காய்ச்சல் பயமும் உண்டு.

பெட்டி மட்டும் முதலே செய்து வைத்திருந்தேன். நாலடி நீளம், முன்னால் கண்ணாடி, முட்டை பொரிக்க வைக்கிற இன்கியுபேட்டருக்கு விற்கிற தெர்மோஸ்டாட். செய்து கொடுத்த தச்சுப் பாஸ் 18,000 எடுத்தார். இரண்டு வாரம் மூலையில் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நான் எழும்பி வந்தபோது உள்ளே பல்ப் எரிகிறது, பன்னிரண்டு கோழிக்குஞ்சு சூட்டுக்கடியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. டிஸ்ப்ளேயில் 33. முதல் வாரத்துக் குஞ்சுக்கும் ஏறக்குறைய அந்தச் சூடுதான் வேண்டும்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றார் அம்மா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.