ஒரே கல்லில் மாங்காயா, பறவையா, முயலா?

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்போம். ஆங்கிலேயர் அதே ஒரு கல்லில் இரண்டு பறவைகளை அடிக்கிறார்கள். பால்டிக் கடலோரம் லாட்விய மொழி பேசுகிறவர்கள் கல்லைக் கையில் எடுப்பதே இல்லை. ஒரே வேட்டில் இரண்டு முயல்களைச் சுடுகிறார்கள். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். ஆனால் நம் மாங்காயை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால், கேட்கிறவர் மாம்பழ சீசனைப் பற்றிப் பேசுகிறோம் என்றுதான் நினைப்பார்.

தமிழ் வழியில் படித்துவிட்டு ஓசூர் சிப்காட்டுக்கோ எலெக்ட்ரானிக் சிட்டிக்கோ வேலைக்குக் கிளம்பும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். லாட்வியாவை இழுப்பதற்குக் காரணம் உண்டு. நம் மொழிக்கும் அந்த மொழிக்கும் உறவே கிடையாது. இருந்தும் ஆங்கிலம் படிக்கும்போது இரண்டு பேரும் பல இடங்களில் ஒரே பள்ளத்தில் விழுகிறோம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘எ’, ‘தி’ என்ற ஆர்ட்டிகிள்கள் லாட்விய மொழியில் இல்லை, தமிழிலும் இல்லை. ‘வ’ ஒலியில் ஆங்கிலத்துக்கு இரண்டு உண்டு: மேல்பல் கீழுதட்டில் படுவது ஒன்று, உதட்டைக் குவிப்பது இன்னொன்று. அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். ஆக, தடுமாற்றம் தாய்மொழியின் அமைப்பால் வருகிறது. ‘எனக்கு மண்டையில் ஏறாது’ என்று ஒதுங்க வேண்டியதில்லை.

நெடில் குறிலில் இரண்டு பேருக்கும் காது கூர்மை. நமக்கு கல் வேறு, கால் வேறு. லாட்விய மொழியிலும் ‘கஸ’ என்றால் ஆடு, ‘காஸஸ்’ என்றால் கல்யாணம். இந்தப் பழக்கமே ஆங்கிலத்தில் காலை வாரும். ‘ஷிப்’, ‘ஷீப்’ இரண்டுக்கும் நீளம் மட்டும்தான் வித்தியாசம் என்று எண்ணி இழுக்கிறோம். அங்கே வாயின் நிலையும் மாற வேண்டும்: கப்பலுக்கு நாக்கு சற்றுத் தளர்ந்து கீழே இருக்கும்; ஆட்டுக்கு நாக்கு மேலேறி, உதடு இரண்டு பக்கமும் இழுபடும். கண்ணாடி முன் நின்று இருபது தடவை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். ‘திஸ்’, ‘தட்’ சொற்களின் முதல் ஒலி நமக்கு லாபம். ‘அது’, ‘இது’ என்று சாதாரணமாகச் சொல்லும்போது நடுவில் வரும் மெல்லிய ‘த’ கிட்டத்தட்ட அதேதான். ‘அது’வில் முதல் எழுத்தை விழுங்கிவிட்டு மீதியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

ஆங்கில உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துப் படிக்காதீர்கள். இந்தப் பதிவில் நான் செய்வது உங்களுக்கு வாசிக்க வசதியாக, நோட்டில் வேண்டாம். நம் ‘ப’ ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளுக்கு ஒரே எழுத்து. ‘பேக்’ என்று எழுதி வைத்தால் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா என்று மூன்றாம் நாள் உங்களுக்கே தெரியாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ‘எழுது’ என்கிற ஒரு வினையை நாம் என்னவெல்லாம் செய்கிறோம்? எழுதிவிடு, எழுதிவை, எழுதிக்கொள், எழுதிப்பார், எழுதித் தள்ளு. விடு, வை, கொள் எல்லாம் தனியாக நின்றால் வேறு பொருள். வினையின் வாலில் ஒட்டியதும் வேறு வேலை. ஆங்கிலம் இந்த வேலையை ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘ஆன்’ என்ற குட்டிச் சொற்களை வைத்துச் செய்கிறது. லாட்விய மொழி வினையின் தலையில் முன்னொட்டு வைக்கிறது. அவர்கள் தலையிலிருந்து வாலுக்குப் பழக வேண்டும். நாம் ஏற்கெனவே வாலில்தான் இருக்கிறோம். ‘ஈட் அப்’ சாப்பிட்டுவிடு. ‘யூஸ் அப்’ தீர்த்துவிடு. ‘ட்ரை ஆன்’ போட்டுப்பார். ‘ரைட் டவுன்’ எழுதிவை. ‘புட் ஆஃப்’ தள்ளிப்போடு. ‘கிவ் அப்’ கைவிடு. எல்லாம் இப்படிப் பொருந்திவிடாது என்பதும் உண்மை. ‘மேக் அப்’ ஒன்றுக்கே சமாதானமாவது, இட்டுக்கட்டுவது என்று பல பொருள். ஆனாலும் இலக்கணப் புத்தகத்தில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட, துணைவினை மாதிரி ஒரு ஜோடியாகக் காதில் ஏற்றுவது நமக்கு இயல்பு.

இதில் தவறாமல் நடக்கும் பிழை ஒன்று. பெயர்ச்சொல் என்றால் ‘ஸ்விட்ச் ஆஃப் தி மோட்டார்’, ‘ஸ்விட்ச் தி மோட்டார் ஆஃப்’ இரண்டும் சரி. ‘இட்’, ‘தெம்’ வந்துவிட்டால் நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’. ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ தப்பு. ‘பிக் இட் அப்’, ‘புட் இட் ஆஃப்’, ‘ரைட் இட் டவுன்’ என்று நடுவில் ‘இட்’ வைத்தே முதலிலிருந்து படித்தால் பிறகு திருத்த வேண்டியிருக்காது.

காலை ஆறு மணி ஷிஃப்ட் மாறும் நேரம். வெளியூர் சூப்பர்வைசர் மிஷின் பக்கம் வந்து, ‘தி லைன் வாஸ் டவுன் ஃபார் அன் அவர். ஹவ் கம்?’ என்கிறார். புதிதாகச் சேர்ந்த பையன் காதில் ‘ஹவ்’, ‘கம்’ இரண்டும் தனித்தனியாக விழுகின்றன. எப்படி வந்தாய் என்று கேட்கிறார் என நினைத்து, ‘பை பஸ், சார்’ என்கிறான். அவர் கேட்டது ‘ஏன் அப்படி?’ என்பது. ‘வீ ரேன் அவுட் ஆஃப் போல்ட்ஸ், சார்’ என்றிருந்தால் வேலை முடிந்தது, போல்ட் தீர்ந்துபோச்சு. கிளம்பும்போது, ‘கேன் யூ ஃபில் இன் ஃபார் ஹிம் டுமாரோ?’ என்கிறார். ‘ஃபில் இன்’ என்றால் படிவம் நிரப்புவது. பின்னால் ‘ஃபார்’ வந்து ஆள் வந்தால், அவருக்குப் பதிலாக நிற்பது. அந்த ஒரு குட்டிச் சொல்லில் நாளைய ஷிஃப்ட்டே மாறுகிறது. அந்தப் பையனுக்குத் தெரியாத சொல் எதுவும் அந்தக் கேள்விகளில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தெரிந்த சொற்கள் சேர்ந்து நின்ற விதம்தான் புதிது. ‘ஹி வாஸ் லெட் கோ’ என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: அவரைப் போகவிட்டார்கள் என்பதல்ல, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

மரபுத்தொடரில் என் கருத்து இது: முதல் ஆறு மாதம் கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும் படியுங்கள், பேச வேண்டாம். நாயும் பூனையுமாக மழை பெய்யும் அந்தப் பழைய தொடர் பாடப்புத்தகத்தில் வாழ்கிற அளவுக்கு ஆங்கிலேயர் பேச்சில் வாழவில்லை. நமக்கு இரட்டைப் பிறவியாக அமைந்தவை சுலபம். ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ நம் அத்தி பூத்தாற்போல. நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது நம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது. அந்த இங்கிலாந்து ஊர் ஒரு காலத்தில் நிலக்கரிக்குப் பேர்போன துறைமுகம். லாட்வியர் ஒருவர் பொய் அளந்தால் ‘சின்ன வாத்துகளை ஊதுகிறான்’ என்பார்கள். நாம் கதை விடுகிறான் என்போம்.

ஆபத்து ஒரே மாதிரி தெரிகிறவற்றில். ‘புல்லிங் மை லெக்’ என்பதைக் கேட்டதும் நமக்குக் காலை வாரிவிட்டான் என்பது நினைவுக்கு வரும். தமிழில் காலை வாரிவிட்டான் என்றால் நம்பியவனைக் கவிழ்த்துவிட்டான். ஆங்கிலத்தில் அது வெறும் கிண்டல், சும்மா கலாய்ப்பது. நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னதைத் துரோகமாக எடுத்துக்கொண்டால் மனக்கசப்புதான். இன்னொன்று, தொடரில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. பறவைகளை ஒரு கல்லில்தான் அடிக்க வேண்டும். ‘ஒரு செங்கல்லில்’ என்றால் அது மரபுத்தொடராக நிற்காது.

தமிழுக்குள் ஏற்கெனவே குடியேறிய ஆங்கிலச் சொற்களையும் ஒரு தடவை சரிபாருங்கள். நெடுஞ்சாலை டயர் கடையில் ‘ஸ்டெப்னி’ என்றால் எல்லோருக்கும் புரியும். அது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904இல் உருவான மாற்றுச் சக்கரத்தின் பெயர். இன்று இங்கிலாந்தில் ‘ஸ்பேர் வீல்’ என்றால்தான் தெரியும். ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2022’ என்று வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால், 2022இல் மயங்கி விழுந்ததாகப் பொருள். ‘ஐ கிராஜுவேட்டட்’ என்று சொல்லுங்கள். ‘ஹோட்டல்’ அவர்களுக்குத் தங்குமிடம். சாப்பிடும் இடம் ‘ரெஸ்டாரண்ட்’. லாட்வியருக்கும் இதே தலைவலி உண்டு. அவர்கள் மொழியில் ‘ஃபப்ரிகா’ என்றால் தொழிற்சாலை. ஆங்கிலத்தில் அதே ஜாடையுள்ள ‘ஃபேப்ரிக்’ துணி.

படிக்கும் முறைக்கு வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் போதும். கெட்டியான அட்டையாகப் பார்த்து, விசிட்டிங் கார்டு அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அச்சடித்த பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். ஒரு பக்கம் தமிழில் சூழ்நிலை: ‘போல்ட் தீர்ந்துபோச்சு, சூப்பர்வைசரிடம் சொல்’. மறுபக்கம் முழு ஆங்கில வாக்கியம், யார் யாரிடம் சொன்னது என்ற குறிப்போடு. தனிச் சொல் எழுதிய அட்டை வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்து அட்டைக்கு மேல் எழுத வேண்டாம். பத்து எழுதினால் இரண்டாம் வாரமே குவிந்து, பார்க்கவே மனசு வராது. ஞாயிறு புதிது கிடையாது.

ஐந்து ஸ்வீட் பாக்ஸ் எடுங்கள். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன்காரர் பிரபலமாக்கிய முறை இது. புது அட்டை முதல் பெட்டியில், தினமும் பார்க்க. வாய்விட்டுச் சரியாகச் சொன்னால் இரண்டாவதுக்கு, அது இரண்டு நாளுக்கு ஒருமுறை. மூன்றாவது நான்கு நாள், நான்காவது எட்டு, ஐந்தாவது பதினாறு நாள். எந்தப் பெட்டியில் தடுக்கினாலும் அட்டை முதல் பெட்டிக்குத் திரும்ப வேண்டும்; ‘கிட்டத்தட்டச் சரி’ என்று விடாதீர்கள், முக்கால்வாசிப் பேருக்கு முறை கெடுவது இங்கேதான். தருமபுரியிலிருந்து ஓசூருக்குப் பஸ்ஸில் போகிற நேரத்தில் மூன்று பெட்டி முடித்துவிடலாம். முதல் பெட்டியிலேயே பத்து நாள் உட்கார்ந்திருக்கும் அட்டையில் பெரும்பாலும் வாக்கியம் நீளமாக இருக்கும். அதைக் கிழித்துப் போட்டு, ஏழு சொல்லுக்குள் வருகிற மாதிரி வேறு எழுதுங்கள்.