லயத்து அட்ரஸ்ல ஒரு ஓட்டு

2024 ஏப்ரல் 19, வெள்ளி

இன்னைக்கு தமிழ்நாட்டுல எலெக்சன். விடியறதுக்கு முன்னாடியே எங்க லயத்துக்கு, அதான் மூணாறு தேயில எஸ்டேட்டுல கம்பெனி குடுத்த லைன் வீட்டுக்குக் கீழ ஜீப்பு சத்தம், போடிமெட்டு வழியா ஊருக்கு எறங்கிப் போறவங்க. தம்பியும் போனான். அவனுக்கு இதுதான் மொத ஓட்டு. அப்பா போன வருசமே போடில சித்தப்பா வீட்டு அட்ரஸ்ல அவன் பேர சேத்துவிட்டாரு. பொழுதுசாய வந்து வெரல நீட்டிக் காமிச்சான், மொகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோசம்தான், ஆனா உள்ள ஒண்ணு நெருடிக்கிட்டே இருக்கு. இங்க கேரளாவுல நமக்கு ஓட்டு அடுத்த வெள்ளிக்கிழம. அவன் பொறந்தது, படிச்சது, ஜீப் ஓட்டுறது எல்லாம் இந்த மூணாறுல.

ஏப்ரல் 21, ஞாயிறு

தூக்கம் வரல, என் மொத ஓட்டு ஞாபகமாவே இருக்கு. 2016 மே 16. அன்னைக்கு கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே நாள்ல சட்டசபை எலெக்சன், அதனால எந்த ஊரு ஓட்டுன்னு மொதல்லயே முடிவு பண்ணியாகணும். அப்பா ஊர்லதான் சேக்கணும்னாரு. "இந்த வீடு கம்பெனி வீடு, ரிட்டையர்டு ஆனா காலி பண்ணணும், நாளைக்கு நமக்கு ஊருதானம்மா" அப்படின்னு. அவர் சொன்னது பொய்யில்ல, அந்த பயம் இங்க எல்லா லயத்துலயும் உண்டு.

அம்மாதான் விடல. அதுக்கு முந்துன செப்டம்பர்லதான் 20 சதவீத போனஸ் கேட்டு பொம்பளைங்க எல்லாம் மூணாறு ரோட்டுல உக்காந்தாங்க, ஒம்பது நாளு, அம்மாவும் இருந்துச்சு. அப்ப நாள் கூலி 232 ரூவா. "நான் உக்காந்த ரோடு இங்க இருக்கு, எம்புள்ள ஓட்டு எதுக்கு அங்க போகணும்"னு கேட்டுச்சு, அப்பா ஒண்ணும் பேசல. தாத்தா உசுரோட இருந்திருந்தா அம்மா பக்கம்தான் நின்னிருப்பாரு. 1958 தேவிகுளம் இடைத்தேர்தல்ல கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, இளையராஜாவோட அண்ணன் பாவலர் வரதராசன் மலையேறி வந்து தமிழ்ல பாடுனத நேர்ல கேட்டவரு அவரு.

ஓட்டன்னைக்கு நல்ல சாரல். எஸ்டேட் ஸ்கூல்ல க்யூ, நானும் அம்மாவும் ஒரே கொடைக்குள்ள. ஆபீசர் என் பேர மலையாளத்துல சத்தமா வாசிச்சாரு, பக்கத்துல இருந்த டீச்சர் "ஒப்பிடு மோளே"ன்னாங்க, கையெழுத்து போடு மகளேன்னு, கை நடுங்கி கையெழுத்து கோணிப்போச்சு. நீலப் பட்டன அமுக்குனேன், செவப்பு லைட்டு, பீப்புனு நீளமா ஒரு சத்தம், அவ்வளவுதான், ஆனா நெஞ்சு அடிச்ச அடி எனக்குத்தான் தெரியும்.

அத விட மறக்காதது அம்மாவோட வெரல். கொளுந்து கிள்ளிக் கிள்ளி எடது ஆள்காட்டி வெரல் வெடிச்சு, வெடிப்புக்குள்ளயெல்லாம் கறுப்பா கற ஏறியிருக்கும். மை வெக்கிறவரு ஏற்கனவே மை இருக்கோன்னு திருப்பித் திருப்பிப் பாத்தாரு, துணியால தொடச்சாரு, போகல. "அது தேயிலக் கற சார், போகாது" அப்படின்னுச்சு அம்மா. அவர் ஒண்ணும் சொல்லாம நகத்து மேல தொடங்கி தோல் வரைக்கும் அழுத்தமா ஒரு கோடு போட்டாரு. வெளிய வந்து பாத்தா என் வெரல்ல மை பளிச்சுனு இருக்கு, அம்மா வெரல்ல எது கற எது மைன்னு தெரியல.

ஏப்ரல் 26, வெள்ளி

போட்டாச்சு. இப்பல்லாம் பக்கத்து மெசின்ல ஏழு செகண்டு சீட்டு தெரியுது, அம்மா அது விழுற வரைக்கும் நகரல. தம்பிதான் ஜீப்புல கொண்டுவந்து விட்டான், கேட்டுக்கு வெளியவே நின்னான். அவன் கூட படிச்ச பசங்க எல்லாம் உள்ள போயிட்டு வந்தானுங்க. ரெண்டு எடத்துல பேரு வெக்கக் கூடாது, வெக்கவும் வேணாம், அங்க இருந்து இங்க மாத்திக்கலாம், அதுக்கு படிவம் 8 இருக்குன்னு வர்ற வழியில சொன்னேன். பதில் இல்ல.

ராத்திரி சோறு தின்னுட்டு போன எடுத்துட்டு வந்தான். "அக்கா, வீட்டு நம்பர்னு கேக்குது, லயத்து நம்பரா போடணும்?"

நான் சொல்றதுக்குள்ள அப்பாவே நம்பரச் சொன்னாரு.