குடித்தனக்காரர் எடுத்த நேர்காணல்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மாடி காலியாகி, 'வீடு வாடகைக்கு' என்ற பலகையை கேட்டில் மாட்டியதும், வருபவர்களை எடைபோடும் பொறுப்பை நானும் மனைவியும் பிரித்துக்கொண்டோம். வேலை, சம்பளம், ஆதார், முந்தைய வீட்டைக் காலி செய்த காரணம் ஆகியவை என் துறை. செருப்பை எங்கே கழற்றுகிறார்கள், சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தபின் இறுக மூடுகிறார்களா என்பவை அவள் துறை. குழாயைச் சொட்டவிட்டு வந்த ஒரு வங்கி அதிகாரியை, நான் அவருடைய சம்பளச் சீட்டை வியந்துகொண்டிருந்தபோதே அவள் நிராகரித்துவிட்டாள்.

அடுத்து வந்தவர் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருப்பவர். குழாயை இறுக மூடினார். பிறகு ஒரு நோட்டைத் திறந்தார். நான் பத்து மாத அட்வான்ஸ் என்று தொடங்கியதும், 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதானே என்றார் பணிவாக. அதே சட்டம் இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது என்று நான் நினைவூட்ட, மனைவி காபி கொண்டுவந்த நேரத்தில் ஐந்து மாதத்தில் சமரசம் ஆயிற்று.

"மின்சாரத்துக்குச் சப் மீட்டர்தான்" என்றேன்.

"அப்படியானால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் 100 யூனிட் இலவசம் யார் கணக்கில் போகிறது சார்?"

இதுவரை எந்தக் குடித்தனக்காரரும் கேட்காத கேள்வி இது. அவர்கள் கேட்காததால் எனக்கும் யோசிக்க வேண்டிய அவசியம் ஏற்பட்டதில்லை. ஆளுக்குப் பாதி என்று உள்ளிருந்து தீர்ப்பு வந்தது.

வாடகை 18,000 ரூபாய் என்று முடிவானதும், வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கோர என் பான் எண் வேண்டும் என்றார். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் அது கட்டாயம் என்பதால் மறுக்க வழியில்லை. உட்கார்ந்த இடத்தில் ஆண்டுக்கு 2,16,000 ரூபாய் வருகிறது என்று பெருமூச்சுவிடும் உறவினர்களுக்காக இந்தக் கணக்கைச் சொல்கிறேன். நான் கட்டும் சொத்து வரி 6,400 ரூபாயைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தையும் கழித்தால், 1,46,720 ரூபாய் என் ஓய்வூதியத்தோடு சேர்ந்து வருமான வரிக்குள் போகிறது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கழிவு அதே 30 சதவீதம்தான்; ஆழ்குழாய் மோட்டார் எந்த ஆண்டில் எரியும் என்பது வருமான வரித் துறையின் கவலை அல்லவே!

எல்லாம் முடிந்தது என்று நான் நிமிர்ந்தபோது, முன்பு குடியிருந்தவரின் தொலைபேசி எண்ணைக் கேட்டார். நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் மனைவி எண்ணைச் சொல்லிவிட்டாள். அவர் ஸ்பீக்கரில் போட்டே பேசினார்.

"ஐயா தங்கமான மனிதர். தாராளமாகப் போங்கள். ஆனால் 5-ஆம் தேதிக்குள் வாடகை போகவில்லையென்றால், 6-ஆம் தேதி காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மொட்டை மாடிக்கு வந்துவிடுவார், நம் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்" என்றது மறுமுனை.

அவர் சிரிக்காமல் அதை நோட்டில் குறித்துக்கொண்டு, மாடியில் மொத்தம் எத்தனை தொட்டிகள் என்று கேட்டார். இப்போது எங்கள் வாடகை ஒப்பந்தத்தில், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு குடியிருப்பவரையே சேரும் என்று ஒரு தனி விதி இருக்கிறது.