லீவில் கற்றுக்கொள்கிற பாடம்

சேலத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. வாத்தியார் வேலை எனக்கு. இந்த வேலையில் விசிலைவிட மூக்குக்குத்தான் உபயோகம் அதிகம். கொய்யா இலையை மென்றுகொண்டே ஒரு பையன் மைதானத்துக்கு வந்தால், கழிப்பறைக்குப் பின்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுவேன். விரலில் வாடை ஒட்டக்கூடாது என்று இரண்டு குச்சிகளுக்கு நடுவில் சிகரெட்டைப் பிடித்து இழுக்கிறார்கள். பிடிபடுகிறவர்களில் நன்றாகப் படிக்கிற பசங்களும் உண்டு.

விவரம் தெரியாமல் அடிக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். புற்றுநோய் வரும் என்று எந்தப் பையனைக் கேட்டாலும் ஒப்பிப்பான். பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போடுகிறார்கள், சரி. இவர்கள் வாங்குவது ஒற்றை சிகரெட். படம் கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது.

உலகப் புகையிலை எதிர்ப்பு நாள் மே 31. பள்ளிக்கு அப்போது கோடை விடுமுறை. அந்த லீவில்தான் பசங்க செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைக்கும், அம்மாப்பேட்டைப் பக்கம் தறிக்கும் கைவேலைக்குப் போகிறார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்: “அண்ணனுங்க வாங்கிட்டு வரச் சொல்வாங்க சார், மீதிச் சில்லறை எனக்கு. அப்புறம் ஒருநாள் பத்த வெச்சே கொண்டாந்துடுன்னாங்க.” கடையில் தொங்கும் லைட்டரில் பற்றவைக்க வேண்டுமானால் வாயில் வைத்து இழுத்துத்தானே ஆக வேண்டும்? முதல் இழுப்பே அடுத்தவருக்காக.

18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது என்று 2003ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. 100 கெஜம் என்றால் 91 மீட்டர் சொச்சம். டிராக் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். கடை தாராளமாக உள்ளே இருக்கிறது. கடைக்காரர் என்னிடம் குண்டு எறிந்து பழகிய பழைய மாணவர். “அப்பாவுக்குன்னு கேக்கறாங்க, என்ன சார் பண்றது?” என்றார். யாருக்காகக் கேட்டாலும் பையன் கையில் கொடுத்தால் குற்றம்தான்; 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தில் 7 வருடம் வரை சிறை என்றேன். அன்றிலிருந்து பாக்கெட்டுகள் மேஜைக்கு அடியில் போய்விட்டன. பசங்களுக்கு அந்த இடமும் தெரியும்.

நோயைச் சொன்னால் அசராதவர்கள் ஓட்டத்தைச் சொன்னால் கொஞ்சம் கேட்கிறார்கள். 1500 மீட்டரில் மூன்றாவது சுற்றிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவனிடம், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவேண்டிய இடத்தைப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொள்கிறது என்று விளக்கினேன். “எத்தனை நாள்ல சரியாகும் சார்?” என்று கேட்டான். புற்றுநோய்ப் பேச்சுக்கு இதுவரை யாரும் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை.

இப்போதெல்லாம் முழுப் பரீட்சைக்கு முன்பே பெற்றோர் கூட்டத்தில் பேசிவிடுகிறேன். பட்டறையில் சிகரெட் வாங்க அனுப்பினால் போகாதே என்று பையனிடம் சொல்லி அனுப்புங்கள் என்பேன். போன கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, “வீட்டுலயே அவங்கப்பாவுக்கு இவன்தான் சார் வாங்கியாறான்” என்றார். அப்பாவை வரச் சொல்லியிருக்கிறேன். லாரியில் லோடு போயிருக்கிறாராம், வர ஒரு வாரம் ஆகுமாம்.