சுவெற்றர் எந்த இடத்தில் முடிய வேண்டும்?

ஒக்ரோபர் பிறந்தால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் மழைக்குக் குடை தேடத் தொடங்குவோம். ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் பிள்ளைகளோ அலுமாரியின் அடித்தட்டில் மடித்து வைத்த சுவெற்றர்களை வெளியே எடுப்பார்கள். தையல் தெரிந்த சின்னம்மா என்பதால், பெறாமகள்மார் கண்ணாடிக்கு முன்னால் நின்று எடுத்த படங்களை எனக்கு வைபரில் அனுப்பி அபிப்பிராயம் கேட்பது வழக்கம். இம்முறை வந்த படங்களில் அநேகமானவை ஒரே சோடியைப் பற்றியவை: மேலே தளர்வான கம்பளிச் சுவெற்றர், கீழே அகன்ற நீளக் காற்சட்டை. "சின்னம்மா, ரெண்டும் தனித்தனியா வடிவாத்தான் இருக்கு, சேத்துப் போட்டா ஏன் கட்டையாத் தெரியிறன்?" என்று மூத்தவள் கேட்டிருந்தாள். அவளுக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

மேலே தளர்வென்றால் கீழே ஒட்டியிருக்க வேண்டும், கீழே தளர்வென்றால் மேலே ஒட்டியிருக்க வேண்டும் என்ற விதியை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த விதியில் பிழையில்லை. ஆனால், உள்ளே ஒரு சட்டையும் அதன்மேல் கம்பளியும் போட்டுத்தான் பஸ்ஸுக்குக் காத்து நிற்க முடியும் என்ற நிலையில் இருப்பவளிடம் உடம்போடு ஒட்டிய மேலாடையைப் போடச் சொல்வதில் என்ன பயன்? சுவெற்றர் எவ்வளவு தளர்வானது என்பதைவிட, அது உடம்பின் எந்த இடத்தில் வந்து முடிகிறது என்பதே பெரிய விடயம் என்று நான் நினைக்கிறேன்.

அளவுநாடாவை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். ஐந்தடி இரண்டு அங்குல உயரமுள்ள ஒரு பெண்ணுக்குக் கழுத்தோரத் தோளிலிருந்து மார்பின் மேலாக இடுப்பு வரை ஏறக்குறைய 16 அங்குலம் வரும். கடையில் தொங்கும் சாதாரணச் சுவெற்றரின் நீளம் 24 அல்லது 25 அங்குலம். அதாவது அது இடுப்பைக் கடந்து எட்டு ஒன்பது அங்குலம் இறங்கி, பின்புறம் மிக அகன்றிருக்கும் இடத்தில் வந்து நிற்கிறது. விளிம்பில் உள்ள ரிப் பின்னல் (இழுபட்டுச் சுருங்கும் வரிவரியான பின்னல்) வேறு அந்த இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. காற்சட்டைத் துணி விரியத் தொடங்குவதும் அதே இடத்தில்தான். இடுப்பு எங்கே என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. உடம்பு நடுவில் கோடு போட்டு இரண்டு சமபாதியாகப் பிரித்ததுபோல் ஆகிவிடுகிறது. உயரம் குறைந்து தெரிவதற்குக் காரணம் இதுவே.

பாவாடை சட்டையிலும் சேலையிலும் வளர்ந்த எங்கள் கண்ணுக்கு இந்தக் கணக்கு பழகிய கணக்குத்தான். சட்டை இடுப்போடு நின்றுவிட, அங்கிருந்து பாதம்வரை துணி தடையில்லாமல் விழுகிறது. மேலே ஒரு பங்கு, கீழே இரண்டு பங்கு. பஞ்சாபி இந்தக் கணக்கில் சேராதே என்று யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. முழங்கால்வரை நீண்ட மேற்சட்டையையும் அகன்ற கீழாடையையும் சேர்த்துப் போட்டும் அது பொருந்தி வருவதற்குக் காரணம் பக்கவாட்டுப் பிளவுகள். நடக்கும்போது பிளவு விலகி, காலின் நீளம் மேலே வரைக்கும் தெரிகிறது. அந்தப் பிளவுகளைத் தைத்து மூடிவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். சுவெற்றருக்குப் பெரும்பாலும் பிளவு இருப்பதில்லை. நீளமான சுவெற்றர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், இரு பக்கமும் பிளந்து, முன்பக்கம் கட்டையாகவும் பின்பக்கம் நீளமாகவும் பின்னப்பட்டதைத் தேடி வாங்கினால் தப்பிக்கலாம்.

அப்படியானால் 18 முதல் 20 அங்குல நீளமுள்ள கட்டைச் சுவெற்றரை வாங்குவதே எளிய வழி. ஏற்கெனவே நீளமானவற்றை வாங்கி வைத்திருப்பவர்கள் நூலின் தடிப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மெரினோ போன்ற மெல்லிய நூலில் நெருக்கமாகப் பின்னியது என்றால் முழுவதையும் காற்சட்டைக்குள் செருகிவிட்டு, பின்னர் இரண்டு கைகளையும் உயர்த்தி இறக்கினால், துணி தேவையான அளவுக்குத் தானாகவே வெளியே வந்து நிற்கும். நடுத்தரத் தடிப்பென்றால் முன்பக்கத்தில் பொத்தானுக்கு நேரே ஒரு கைப்பிடியளவை மட்டும் செருகினால் போதும். மிகத் தடித்ததைச் செருகவே கூடாது. வயிற்றின்மேல் ஒரு மேடு எழும்பிவிடும். அதற்கு நான் சொல்லும் வழி இலாஸ்ரிக். முக்கால் அங்குல இலாஸ்ரிக்கை இடுப்பளவிலும் சற்றுக் குறைத்து வெட்டி, வளையமாகத் தைத்து, சுவெற்றருக்கு மேலாக இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். பிறகு துணியைச் சுற்றிவரச் சிறிது சிறிதாக மேலே இழுத்து விட்டால், மிகுதித் துணி வளையத்தின்மேல் கவிந்து அதை மறைத்துவிடும். ரிப் விளிம்பும் இடுப்புக்கு ஏறிவிடும். குளிர்காலம் முழுவதும் இந்த ஒரு வளையம் எல்லாச் சுவெற்றருக்கும் உதவும். வெட்டிக் குறைக்கத்தான் வேண்டுமென்றால், வெட்டப்போகும் கோட்டுக்கு மேலே மெசினில் இரண்டு வரி தைத்த பிறகே கத்தரிக்கோலைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் பின்னல் கழன்று ஓடத் தொடங்கிவிடும்.

காற்சட்டையின் பக்கம் வந்தால், இடுப்புப் பட்டி உயரத்தில் இருக்க வேண்டும். 1930களில் ஹொலிவூட் நடிகை கதரின் ஹெப்பர்ன் அணிந்த அகன்ற காற்சட்டைகளின் படங்களைப் பார்த்தால், பட்டி இடுப்பின் ஒடுங்கிய இடத்தில் இருப்பதும், மேலாடை அதற்குள் செருகப்பட்டிருப்பதும் தெரியும். எழுபதுகளின் பெல்பொட்டம் வேறு வழியில் அதே காரியத்தைச் செய்தது. எங்கள் வீட்டுப் பழைய அல்பங்களில் மாமாமார் கால் முழுவதும் துணி அலைய நிற்கிறார்கள், மேலே சேட் மட்டும் பொத்தான் தெறிக்கும் அளவுக்கு இறுக்கம்! இங்கே நாங்கள் தைக்கும் பலாசோ என்ற அகன்ற காற்சட்டையில் இடுப்பைச் சுற்றிவர இலாஸ்ரிக் வைப்பதுண்டு. மெல்லிய பருத்திச் சட்டைக்கு அது பரவாயில்லை. சுவெற்றருக்கு ஆகாது, சுருக்கத்தின்மேல் கம்பளி சேர்ந்து இடுப்பு உப்பிவிடும். ஊரில் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் முன்பக்கத்தைத் தட்டையான பட்டியாகவும் பின்பக்கத்தில் மட்டும் இலாஸ்ரிக்காகவும் தைக்கச் சொல்லுங்கள்.

துணிகளின் பாரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். கயிறு முறுக்கியதுபோன்ற தடித்த பின்னலுக்குக் கீழே விஸ்கோஸ் போன்ற மெல்லிய துணியில் காற்சட்டை போட்டால், மேற்பகுதி பாரமாகவும் கால்கள் காற்றில் படபடப்பதாகவும் தெரியும். அதற்கு டெனிம், கோடுறோய், கம்பளி கலந்த துணி போன்றவையே சரி. மெல்லிய சுவெற்றர் எதனோடும் போகும். நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை: மேலும் கீழும் அண்மித்த நிறமாக இருந்தால் சுவெற்றர் முடியும் கோடு மங்கிவிடும், எதிர் நிறமென்றால் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். ஆகவே கோடு சரியான இடத்தில் விழாத நாட்களில் ஒரே நிறத்தைப் போடுங்கள்.

காற்சட்டையின் நீளத்தைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும். விளிம்பு நிலத்திலிருந்து அரை அங்குலம் மேலே நின்றால் கால் நீண்டு தெரியும். ஆனால் கனடாவில் பனி விழத் தொடங்கி வீதிகளில் உப்புப் போட்டுவிட்டால், அந்த ஈரத்தை உறிஞ்சிய விளிம்பில் வெள்ளைக் கோடு படிந்துவிடும். இலையுதிர் காலத்துக்கு நீளமானதை வைத்துக்கொண்டு, பனிக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கும் ஒன்றைப் பூட்ஸோடு போடுவது புத்தி.

இங்கே இருந்துகொண்டு இதை வாசிப்பவர்களுக்கும் ஒரு சொல். ஜனவரி இரவிலும் வெப்பம் 22 பாகையளவில் நிற்கும் யாழ்ப்பாணத்தில் கம்பளிக்கு வேலையில்லை; கொழும்புக்குப் போகும் இரவு ஏசி பஸ்ஸுக்கும் நுவரெலியாப் பயணத்துக்கும்தான் சுவெற்றரை எடுக்கிறோம். அதற்குப் பருத்தி நூலில் பின்னிய கட்டைச் சுவெற்றர் ஒன்று போதும், பலாசோவோடும் போடலாம், பாவாடையோடும் போடலாம்.

கடைசியாகக் கோட்டு. மேலே சொன்ன அனைத்தையும் சரியாகச் செய்துவிட்டு, அதன்மேல் நடுத்தொடையில் முடியும் கோட்டைப் போட்டால் பழைய குறை திரும்பவும் வந்துவிடும். அகன்ற காற்சட்டைக்கு இடுப்போடு நிற்கும் ஜக்கெற், இல்லையேல் முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளக் கோட்டு, இரண்டில் ஒன்றுதான் பொருந்தும். கோட்டு விலையான சாமான் என்பதால், வாங்கப் போகும் நாளில் லெகிங்ஸோடு போகாமல் அந்தக் காற்சட்டையையே போட்டுக்கொண்டு கடைக்குப் போகும்படி மூத்தவளுக்கு எழுதியிருக்கிறேன்.